நான் நடந்தேன், நிற்கிறாய் என்றது போன்

முதலில் நழுவியது நூல். லண்டனின் தெற்கே சட்டனில், எங்கள் வீட்டுக்குக் கீழே நான் நடத்திவந்த சிறிய அழகு நிலையத்தில் ஒரு பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தேன். நூலின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மீதியை இரண்டு கை விரல்களிலும் சுற்றி இழுக்கிற வேலை. பாரிஸில் இருந்த காலத்திலேயே பழகிய கை. அன்றைக்கு விரலில் நூல் இருப்பது எனக்குத் தெரியவில்லை. பார்த்தால் இருந்தது, கண்ணை எடுத்தால் இல்லை. பல்லுக்கு ஊசி போட்டதுபோல உதடும் விறைத்திருந்தது. ஒரு புருவம் திருத்தியபடியும் மற்றது திருத்தாதபடியும் அந்தப் பெண்ணை மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

2009ஆம் ஆண்டு, குளிர் விடுகிற நேரம். அதற்கு முந்திய கிழமைகளில் எனக்கு வயிற்றோட்டம் வந்து போயிருந்தது. அதன் களைப்பு என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் காலை படியிறங்கும்போது முழங்கால் மடிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே இருந்துவிட்டேன். என் கணவர் அன்ரன், பேக்கரி ஒன்றுக்கு வான் ஓட்டுகிறவர், வேலை முடிந்து வரும்போதும் நான் அந்தப் படியில்தான் இருந்தேன்.

"என்ன ரெஜி, இதிலை இருக்கிறீர்?"

"எழும்ப ஏலாமல் கிடக்கு. கால் என்ரை கால் மாதிரி இல்லை."

என்னைத் தூக்கி வானின் முன் ஆசனத்தில் இருத்தினார். பாண் ரொட்டி மணத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் வைத்தியர் சின்னச் சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை. மற்றதில் தட்டினார். குதிக்காலில் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து மிக நல்லதாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, பெரிய வைத்தியரைக் கூட்டிவரப் போனார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பயம் பிடித்தது.

நோயின் பெயர் கில்லன் பாரி. வைத்தியர் சொன்னதை எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். மின்கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல நரம்புக்கும் ஓர் உறை இருக்கிறது. வயிற்றில் வந்த கிருமியோடு சண்டை பிடித்த என் உடம்பு, சண்டை முடிந்தது தெரியாமல், அந்த உறையையும் எதிரி என்று நினைத்துத் தின்னத் தொடங்கிவிட்டது. மூளை "நட" என்று சொல்லும். சொன்னது காலுக்குப் போய்ச் சேராது. காலில் தொடங்கி மேலே ஏறும். எங்கே நிற்கும் என்று முதலில் யாருக்கும் தெரியாது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கையிலும் காலிலும் சின்னச் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்து நரம்பின் வேகத்தை அளந்தார்கள். இடைக்கிடை ஒரு குழாயைத் தந்து ஊதச் சொன்னார்கள். மூச்சுத் தசை எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அது ஓர் எண்ணைக் காட்டும். எண் இறங்கிக்கொண்டே போனது. "இன்னும் பலமாக" என்றார் தாதி. நான் பலமாகத்தான் ஊதிக்கொண்டிருந்தேன்.

பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு. தொண்டையில் குழாய், மூச்சுக்கு இயந்திரம், இரத்த நாளத்தில் மருந்து. கண் மட்டும் என்னிடம் மிஞ்சியது.

அந்த நாட்களைப் பற்றிக் கேட்பவர்கள், மயக்கத்தில் இருந்திருப்பேன் என்று நினைக்கிறார்கள். இல்லை. எல்லாம் கேட்டது, எல்லாம் தெரிந்தது. நோவும் தெரிந்தது. ஒருநாள் படுக்கை விரிப்பில் ஒரு மடிப்பு, என் குதிக்காலுக்குக் கீழே. வெறும் துணி மடிப்பு. காலையிலிருந்து அது கத்தியாகி என்னை அறுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆட்கள் வந்து போனார்கள்; மருந்துப் பையை மாற்றினார்கள்; வெளியில் வெயில் என்று சொன்னார்கள். பேசுவதற்கு ஓர் எழுத்துப் பலகை வைத்திருந்தார்கள். அவர்கள் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்ட, நான் வேண்டிய எழுத்தில் கண்ணை மூடவேண்டும். எனக்குள் ஓடுவது தமிழ், அதற்குப் பின்னால் பிரெஞ்சு, மூன்றாவதாகத்தான் ஆங்கிலம். மடிப்பு என்பதற்கு ஆங்கிலச் சொல் எனக்கு வரவில்லை.

மாலையில் மகள் ஷெரின் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. என் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள்.

"அம்மா, சம்திங்ஸ் ரோங். நோகுதா? ஓம் எண்டால் கண்ணை மூடுங்கோ."

மூடினேன். அவள் தலையிலிருந்து தொடங்கினாள். நெற்றியைத் தொட்டு "இஞ்சயா?", காதைத் தொட்டு "இஞ்சயா?" என்று ஒவ்வோர் இடமாக இறங்கி வந்தாள். குதிக்காலுக்கு வந்தபோது நான் கண்ணை இறுக்கி மூடித் திறக்காமல் வைத்திருந்தேன். விரிப்பை இழுத்து நேராக்கிவிட்டு, என் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு அவளும் அன்ரனும் வந்த உடனே செய்கிற முதல் வேலை என் உடம்புக்குக் கீழே கையை விட்டுத் துணியைத் தடவிப் பார்ப்பதுதான்.

அது எங்கள் சனம் எல்லோருக்கும் நித்திரை இல்லாத வசந்தகாலம். என் தம்பி குடும்பத்தோடு வன்னியில், கடைசிப் போருக்குள் அகப்பட்டிருந்தான். மாதா கோவிலில் எங்களோடு பூசைக்கு வருகிற ஆட்கள் போரை நிறுத்தச் சொல்லி வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றத்துக்கு முன்னால் கத்திக் கத்தி அடைத்த தொண்டையோடு நேராக என்னைப் பார்க்க வந்து, கட்டில் அருகே செபம் சொன்னார்கள். அங்கத்தைய செய்தி எனக்குத் தெரியக்கூடாது என்று கதவுக்கு வெளியே நின்று குசுகுசுத்தார்கள். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதால் எனக்குத் தெரியாது என்று நினைத்தார்கள். கேட்பதற்கு என்னிடம் வாய் இருக்கவில்லை. குழாயை எடுத்து, குரல் கரகரத்து வந்தபோது நான் கேட்ட முதல் கேள்வி தம்பியைப் பற்றித்தான். அன்ரன் என் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "இருக்கினம். முகாமிலை. வெளியிலை விடுறாங்கள் இல்லை. ஆனால் இருக்கினம்."

அதற்குப் பிறகு என்னை மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். நோய் ஏறிய வழியால்தான் இறங்கும் என்றார்கள்: முதலில் முகம், பிறகு கை, கடைசியில் கால். எல்லோரும் முன்னேற்றம், முன்னேற்றம் என்றார்கள். எனக்கோ ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குள் பூட்டப்பட்டதுபோலத்தான் இருந்தது. எங்கள் வீடு கடைக்கு மேலே, செங்குத்தான படி. படி ஏறத் தெரியாமல் என்னை வீட்டுக்கு விடமாட்டார்கள். நகரக் கவுன்சில் தரைத்தளத்தில் வீடு பார்த்துத் தரும்வரை ஏதாவது பராமரிப்பு இல்லத்தில் இருக்கவேண்டி வரலாம் என்றும் ஒரு பேச்சு இருந்தது. நாற்பத்து நான்கு வயதில், முதியவர்களோடு ஒரு மண்டபத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நான் இருப்பதை நினைத்துப் பார்த்தேன். பிறகு நினைக்காமலிருக்கப் பார்த்தேன்.

அங்கேதான் கார்த்திகா வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண். பிசியோதெரபி செய்கிற ஹெலன்தான் அழைத்துவந்து அறிமுகப்படுத்தினாள். கையில் ஒரு கைத்தொலைபேசியும் இடுப்பில் கட்டுகிற பட்டியும்.

"அக்கா, நீங்க தமிழா? பேரைப் பாத்தா தெரியல."

"ஓம்."

அந்த ஒரு சொல்லிலேயே அவள் முகம் மலர்ந்தது. "இலங்கையா! நான் பேசுறது புரியுதுங்களா?"

"விளங்குது. நீர் கதையும்."

"கதையா? கதை எதுவும் தெரியாதே அக்கா" என்றாள். நான் பேசச் சொன்னதை அவள் அப்படி எடுத்துக்கொண்டதில், கன நாளைக்குப் பிறகு நான் சிரித்தேன்.

அவள் விளக்கியது இதுதான். போனைத் திருப்பினால் உள்ளே இருக்கும் படமும் திரும்புகிறதல்லவா? அதற்காக உள்ளே ஒரு பொட்டளவு கருவி இருக்கிறது. போன் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு குலுங்குகிறது என்பதை அது உணரும். போனை இடுப்பில் கட்டினால் எங்கள் உடம்பின் குலுக்கலை அது வாங்கும். நடக்கும்போது ஒரு அலை, படி ஏறும்போது வேறொன்று, உட்கார்ந்து இருக்கும்போது அலையே இல்லை. அந்த அலையைப் பார்த்து, இவர் நடக்கிறார், நிற்கிறார், இருக்கிறார், படுத்திருக்கிறார் என்று போன் தானாகவே சொல்லவேண்டும். நோயாளி தெரபி இல்லாத நேரத்திலும் எவ்வளவு அசைகிறார் என்று பார்க்க அது உதவும். "உங்களுக்கு வலிக்காது, அக்கா. சும்மா கட்டிக்கிட்டு இருந்தா போதும். பிடிக்கலைன்னா எப்ப வேணா கழட்டிரலாம்."

கட்டிக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் கம்பிக்கு நடுவில் நான் முதன்முதலாக அடி எடுத்துவைத்த நாளில் அன்ரனும் வந்திருந்தார். ஹெலன் முன்னால் குனிந்து நின்று என் முழங்காலைப் பிடித்திருந்தாள். வலது காலை இழுத்தேன். இடது காலை இழுத்தேன். கம்பியின் மற்றப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கார்த்திகாவின் மடிக்கணினியைப் பார்த்தேன். போன் சொல்வது அதில் பெரிய எழுத்தில் தெரியும்.

நிற்பு, என்றிருந்தது.

"இது இன்னும் சரியா..." என்று அவள் மூடப் பார்த்தாள்.

"மூடாதையும்" என்றேன். "திரும்ப நடக்கிறன். பாரும்."

திரும்ப நடந்தேன். நிற்பு.

நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வார்டின் நடுவால் போகப் பழகிய பிறகும் அப்படித்தான். ஒருமுறை நான் கழிவறைக்குப் போய்த் திரும்பியதை இருத்தல் என்று சொன்னது. சிரிக்கவேண்டிய விஷயம் என்று தெரியும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயிரைக் கொடுத்து நான் செய்கிற ஒன்றை, பார்த்துவிட்டு, இது அது இல்லை என்கிறது ஒரு பெட்டி. பட்டியைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தேன்.

கார்த்திகா வந்து கட்டில் ஓரத்தில் இருந்தாள். "அக்கா, நடக்கிறதுன்னா இதுதான்னு நாங்க போனுக்கு விதி எதுவும் எழுதி வைக்கல. நிறைய பேரை நடக்கவிட்டு, அந்த அலையைக் காட்டி, இது நடைன்னு பேர் சொன்னோம். அதைப் பாத்து அதுவா கத்துக்கிச்சு."

"ஆர் அந்த ஆக்கள்?"

"எங்க டிப்பார்ட்மென்ட் பசங்கதான். எல்லாரும் இருபது, இருபத்தஞ்சு வயசு."

"ஓடித் திரியிற பிள்ளையள்."

"ஆமா. அதுக்கு அந்த நடை மட்டும்தான் தெரியும். தப்பு உங்க கால்ல இல்லக்கா, எங்க மேல. உங்க நடையை நீங்களே அதுக்குக் காட்டுவீங்களா?"

அடுத்த நாள் பட்டியைத் திரும்பக் கட்டச் சொன்னேன்.

அதன் பிறகு நான் நடக்கும்போதெல்லாம் அவள் அருகில் நின்று ஒரு பொத்தானை அழுத்திக் குறித்தாள்: இது நடை, இது நிற்பு, இது திரும்புதல். ஹெலனோடு பயிற்சிப் படியில் ஏறியபோது இது படி. விழப்போய்ச் சுவரைப் பிடித்ததைக்கூடக் குறித்தாள். அவள் வராத நாளில் ஷெரின் குறித்தாள். இரவு கார்த்திகா பல்கலைக்கழகத்தில் அவற்றைக் கணினிக்குக் கொடுத்து, திரும்பப் பழக்கி, காலையில் போனில் ஏற்றிக்கொண்டு வருவாள். ஒருநாள் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஷெரின் பின்னால் கத்தினாள்: "அம்மா! இற் சேஸ் வாக்கிங்!" நடை என்று சொல்லிவிட்டதா என்று நான் திரும்பிப் பார்க்கப்போய் விழப் பார்த்தேன்.

அந்த நாளிலிருந்து அது பெரும்பாலும் பிழை விடவில்லை. படியும் ஏறப் பழகினேன். வீட்டுக்குப் போகிற நாள் குறித்தார்கள். வீட்டுப் படிக்கு இரண்டாவது கைப்பிடி பொருத்தினார்கள். அன்ரன் கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றிவிட்டதாகச் சொன்னார்.

போகவிருந்த கிழமையில் போன் திரும்பவும் தவறியது. நான் நடக்கிறேன், நிற்பு என்கிறது.

"உம்மட சாமான் பழுதாப்போச்சு" என்றேன் கார்த்திகாவிடம்.

அவள் வேறு போனைக் கட்டினாள். அதுவும் அப்படியே சொன்னது. இரண்டையும் கழற்றித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தாள். இரண்டும் நடை என்றன. பிறகு மடிக்கணினியை என் மடியில் வைத்து இரண்டு கோடுகளைக் காட்டினாள். ஒன்று போன கிழமை என் நடை. மேடும் பள்ளமுமாக, ஒழுங்கில்லாவிட்டாலும் அலை. மற்றது அன்றையது. அலை படுத்திருந்தது.

"போன் சரியாத்தான் இருக்குக்கா." மெதுவாகச் சொன்னாள். "உங்க நடைதான் மாறியிருக்கு. நான் டாக்டர் இல்ல, இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது. ஆனா ஹெலன்கிட்ட சொல்லணும்னு தோணுது. சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"அக்கா..."

"எனக்குக் களைப்பு. அவ்வளவுதான். வியாழக்கிழமை நான் வீட்டை போறன். ஒருத்தரிட்டையும் ஒண்டும் சொல்லாதையும்."

அவள் போகவில்லை. கணினியை மூடி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்தாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கொதிக்கிறது. முதலில் என் நரம்பு என்னைப் பூட்டியது. பிறகு படி பூட்டியது. இப்போது நான் என் நடையைக் கொடுத்து வளர்த்த பொருளே என் இடுப்பிலிருந்து எழும்பி வாசலில் காவல் நிற்கிறது.

மாலையில் அன்ரன் வந்தார். வழமைபோல விரிப்பைத் தடவினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். களைப்புத்தான், இல்லையா என்று கேட்டேன். ஓம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

"குடியும்."

குடித்தேன். கோப்பையின் விளிம்பு உதட்டில் படுவது எனக்குத் தெரியவில்லை.

"நீர் வீட்டை வாறது எண்டால் நான் உம்மைத் தோளிலை தூக்கிக்கொண்டும் ஏறுவன்" என்றார் அன்ரன். "ஆனால் திரும்ப அந்தக் குழாயை உம்மட தொண்டையிலை பாக்க என்னாலை ஏலாது, ரெஜி. அது மட்டும் என்னாலை ஏலாது."

கோப்பையைக் கொடுத்துவிட்டு, தாதியை அழைக்கிற பொத்தானை நானே அழுத்தினேன்.

திரும்பவும் சுத்தியல். கொஞ்சம் உயிர் வந்திருந்த முழங்கால் திரும்பவும் அசையவில்லை. திரும்பவும் குழாயை ஊதினேன். எண் இறங்கியிருந்தது. சிலருக்கு மருந்தின் பலம் குறைகிறபோது நோய் ஒருமுறை திரும்பிப் பார்க்கும் என்றார் வைத்தியர். இது விட்டுவிட்டு வருகிற நீண்டகால வகையாகவும் இருக்கலாம், இப்போது சொல்லமுடியாது என்றார். வேறு மனிதர்கள் தானம் செய்த இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புச் சத்தைத் திரும்பவும் இரத்த நாளத்தில் ஏற்றினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகாமலே நோய் நின்றது. வியாழக்கிழமை வந்தது, போனது. நான் அறையின் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சரியானதைச் செய்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள். சரியானதைச் செய்தவளுக்கு வருகிற ஆறுதல் எனக்கு வரவில்லை. கைப்பிடி பொருத்திய படி மட்டுமே கண்ணுக்குள் நின்றது.

இலை உதிரத் தொடங்கியபோதுதான் வீட்டுக்குப் போனேன். போன பிறகும் கனகாலம் மேல்மாடியிலேயே அடைந்து கிடந்தேன். கீழே கடை பூட்டிக் கிடந்தது. நோய் அதன் பிறகு திரும்பவில்லை. இப்போது தடியோடு நடக்கிறேன். விரலில் நூல் இருப்பது தெரிகிறது, ஆனால் புருவம் எடுக்கும் அளவுக்கு இல்லை. அதற்கு வேறொரு பெண்ணை வைத்திருக்கிறேன். இதே நோயில் படுத்திருக்கிற ஆட்களின் வீட்டார் என்னைத் தேடிப்பிடித்துக் கேட்பார்கள், நடக்கலாமா என்று. நான் அவர்களுக்கு நோயைப் பற்றிச் சொல்லிவிட்டு, நோய் திரும்பி வந்த பின், வீட்டுக்குப் போவதற்கு முந்திய ஒரு பிற்பகலைப் பற்றியும் சொல்வேன்.

எங்கள் வார்டில் ஆலன் என்று ஒரு முதியவர் இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்திருந்தது. எதற்கும் எரிச்சல்படுவார். கார்த்திகாவின் போனைக் கட்ட மறுத்துக்கொண்டே இருந்தவர், அன்றைக்கு மனைவி ஜீனின் நச்சரிப்பைத் தாங்காமல் சம்மதித்தார்.

கார்த்திகா முதலில் என்னிடம்தான் வந்தாள். "அக்கா, இது பழைய போன் இல்ல. உங்க நடையிலயும் பழக்கினது. நீங்க நல்லா நடந்த நாளும் இருக்கு, மோசமா நடந்த நாளும் இருக்கு. அவருக்குக் கட்டிப் பாக்கட்டுமா?"

"கட்டும்" என்றேன்.

நான் சக்கர நாற்காலியில் இருந்தேன். அன்ரன் பின்னால் நின்றார். ஆலன் கம்பிகளுக்கு நடுவில் எழுந்து நின்றார். ஹெலன் அவருடைய விழுந்த பக்கத்தைத் தாங்கிக்கொண்டாள். ஒரு காலை வைத்தார். மற்றது தரையில் உரசி உரசி வந்து சேர்ந்தது. யார் பார்த்தாலும் அதை நடை என்று சொல்ல யோசிப்பார்கள். திரையில் நிற்பு என்றே கிடந்தது. அவர் திரும்பவும் இழுத்தார். இன்னும் ஒருமுறை இழுத்தார்.

எழுத்து மாறியது.

"நடக்கிறீர்கள்!" என்றார் ஜீன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி, குனிந்து, சரிபார்த்தார். "ஆலன், நீங்கள் நடக்கிறீர்கள் என்று சொல்கிறது!"

"பிறகு என்ன, நடனமா ஆடுகிறேன்?" என்றார் அவர் மூச்சிரைக்க. ஆனால் நிற்காமல் அடுத்த காலையும் இழுத்தார்.

கார்த்திகா திரும்பி என்னைப் பார்த்தாள். அன்ரனுடைய கை என் தோளில் இறுகியது. எனக்கு அன்றைக்கு எழுந்து நிற்கக்கூடப் பலம் இருக்கவில்லை. அந்த முதியவர் கம்பியின் மற்றப் பக்கம் போய்ச் சேரும்வரை, ஒவ்வோர் அடிக்கும் நாற்காலிக்குள் இருந்தபடியே என் காலும் அடி வைக்கத் தெண்டித்துக்கொண்டிருந்தது.